தலை நிற்காத பிள்ளையோடு நெல்லையிலிருந்து சென்னைக்கு: காரா, விமானமா, ரயிலா?

"ஏட்டி, பிள்ளைக்குத் தலை நிக்கட்டும். அதுக்கப்புறம் கொண்டு போ." என் மூத்தவன் பிறந்து நாற்பத்தெட்டாம் நாள் காரில் ஏறும்போது ஆச்சி வாசலில் நின்று சொன்னது இது. என் வீட்டுக்காரருக்கு லீவு முடிந்துவிட்டது, அடுத்த லீவு எப்போது என்று தெரியாது, அதனால் கிளம்பிவிட்டோம். ஆச்சி சொன்னதன் பொருள் எனக்குப் பெரம்பலூர் தாண்டும்போதுதான் புரிந்தது.

சின்னவளை எண்பத்தொன்றாம் நாள் ராத்திரி ரயிலில் கூட்டிவந்தேன். நடுவில் என் தங்கச்சி அவள் பிள்ளையைத் தூத்துக்குடியிலிருந்து விமானத்தில் கொண்டுபோனாள். துணைக்கு நானும் போயிருந்தேன். இப்போது பாளையங்கோட்டையில் சித்தி மகள் ஒன்றரை மாதப் பிள்ளையோடு இருக்கிறாள். "எதுலக்கா போகட்டும்?" என்று தினமும் கேட்கிறாள். அவளுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, பச்சைப்பிள்ளையோடு அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் திரும்பிப்போக வேண்டிய எல்லாருக்கும் இதே கேள்விதான்.

எது சீக்கிரம் போகும், எது மலிவு என்றுதான் முதலில் எல்லாரும் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்தேன். மூன்று பயணத்துக்குப் பிறகு என் கணக்கு மாறிவிட்டது. முதலில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. வழியில் பிள்ளையை மட்டமாகப் படுக்கவைக்க இடம் இருக்கிறதா? யாரிடமும் "கொஞ்சம் நிறுத்துங்க" என்று கெஞ்சாமல், நிமிர்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க முடியுமா? மூன்று மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கழுத்துத் தசை தலையைத் தாங்காது. உடம்போடு பார்த்தால் தலை ரொம்பப் பெரிது. மட்டமான இடத்தில் படுத்தால் நன்றாக மூச்சு விடும். உட்கார்ந்த நிலையில் தூங்கி, தாடை நெஞ்சில் போய் முட்டினால் மூச்சுக்குழல் ஒடுங்கிவிடும், அழக்கூடச் செய்யாது. தலை நிற்கட்டும் என்று ஆச்சிகள் சொல்வது இதைத்தான். மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் என்று நம் வீடுகளில் நாள் பார்ப்பதும் ஏறக்குறைய தலை நிற்கும் காலத்தோடு ஒத்துத்தான் வருகிறது.

அதனால் முதல் தேர்வு, கிளம்பாமல் இருப்பது. இதையும் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டால் அவர்கள் வந்து பார்க்கலாம். பெரியவர்கள் ரயிலேறுவது சுலபம். குறைமாதப் பிள்ளை, எடை சரியாக ஏறாத பிள்ளை, மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த பிள்ளை என்றால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை எந்த வண்டியும் வேண்டாம். தாயின் உடம்பையும் பார்க்க வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை. பிரசவம் ஆன ஆறு வாரத்துக்குக் காலில் ரத்தம் உறையும் ஆபத்து மற்ற நாட்களைவிட அதிகம். சிசேரியன் என்றால் இன்னும் கூடும். அந்த உடம்போடு பத்து மணி நேரம் ஒரே சீட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்காரக் கூடாது. கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வலியும் வீக்கமும் வந்தால் பயணத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

காருக்கு வருகிறேன். கார்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றுகிறது. நம்ம வண்டி, நம்ம நேரம், வீட்டு வாசலில் ஏறி வீட்டு வாசலில் இறங்கலாம், சாமான் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஊர்ப்பட்ட கூட்டத்தில் பிள்ளைக்குச் சளி தொற்றாது. இதில் எதுவும் பொய்யில்லை. கோவில்பட்டி, விருதுநகர், மதுரை, திருச்சி, விழுப்புரம், செங்கல்பட்டு என்று நான்குவழிச் சாலையும் நன்றாகத்தான் இருக்கிறது. பெரியவர்கள் மட்டும் போனால் பத்துப் பதினொரு மணி நேரம். எங்களுக்குப் பதினைந்து ஆனது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மதுரை வரைக்கும் தூங்கினான். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தினோம். பால், டயப்பர், கக்கியது, உடுப்பு மாற்றுவது. ஒவ்வொரு நிறுத்தமும் அரை மணி நேரம். சாலையோரம் நிழல் கிடைக்கவில்லை. ஏசியை ஓடவிட்டுக் கண்ணாடியில் துண்டைச் செருகி மறைத்துக்கொண்டு பால் கொடுத்தேன். பெரம்பலூர் தாண்டி மத்தியான வெயில். என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தவனை அம்மா எட்டிப் பார்த்தவள், "தலை தொங்குது பாரு" என்று பதறினாள். நானும் கண் அயர்ந்திருக்கிறேன். கை தளர்ந்து, அவன் தாடை நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. தூக்கி நிமிர்த்தியதும் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மடியில் வைத்துக்கொண்டு போவதை இன்றைக்கு யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி திடீரென்று நின்றால் ஐந்து கிலோ பிள்ளையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. முன்சீட்டில் மடியில் வைத்திருந்தால் ஏர்பேக் வெடித்து வருவதே பிள்ளை மேல்தான். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதத்துக்குப் பயந்து அல்ல, பிள்ளைக்காகவே அந்த இருக்கை வேண்டும். பின்சீட்டில், பிள்ளையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி, சாய்வாக மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால் வண்டி சடாரென்று நிற்கும்போது தலையும் முதுகும் சேர்ந்து இருக்கையில் அழுந்தும், கழுத்து மட்டும் தனியாக வெட்டி இழுபடாது.

ஆனால் அந்த இருக்கையும் படுக்கை ஆகாது. பச்சைப்பிள்ளையை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதில் விடக் கூடாது, எடுத்து மட்டமாகக் கிடத்த வேண்டும். சென்னைக்கு ஒரே நாளில் காரில் போவது இந்த இடத்தில்தான் உதைக்கிறது. சரியாகப் போனால் நாள் முழுக்க நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தாமல் போனால் பிள்ளைக்கு ஆகாது. கார்தான் என்று முடிவானால் திருச்சியில் ஒரு ராத்திரி தங்குங்கள். உறவுக்காரர் வீடு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அறை எடுங்கள். முதல் நாள் ஐந்து மணி நேரம், மறுநாள் ஐந்து மணி நேரம். வாடகைக் கார் என்றால் டிரைவர் திரும்பிப்போகும் தூரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள், தங்கினால் அதற்கும் தனி. பிள்ளை இருக்கை அநேகமாக எந்த வாடகை வண்டியிலும் இருக்காது, நாம்தான் கொண்டுபோக வேண்டும். ராத்திரி ஓட்டம் வேண்டவே வேண்டாம். பிள்ளை தூங்குமே என்று எல்லாரும் சொல்வார்கள், டிரைவருக்கும் தூக்கம் வரும்.

விமானம் பற்றி எனக்கிருந்த பயம் தங்கச்சியோடு போனபோது பாதி போய்விட்டது. நல்ல ஆரோக்கியமான, முழு மாதம் இருந்து பிறந்த பிள்ளைக்கு இரண்டு மூன்று மாதத்தில் விமானம் ஆபத்து ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். வானத்தில் இருப்பது ஒன்றரை மணி நேரம்.

காது வலிக்குமே என்று கேட்பார்கள். ஏறும்போது அவ்வளவாகத் தெரியாது, இறங்கும்போதுதான் வலிக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் கூடக் கூட, நடுக்காதில் இருக்கும் அழுத்தம் ஈடுகொடுக்க முடியாமல் செவிப்பறை உள்ளே இழுபடும். நாம் எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும், பிள்ளைக்கு வேண்டுமென்று விழுங்கத் தெரியாது. பால் குடித்தால் தானாக விழுங்கும். அதனால் ஏறியதும் வயிறு நிறையக் கொடுத்துத் தூங்கவைத்துவிடாதீர்கள். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது பசியோடு இருக்க வேண்டும். தங்கச்சி இதை அழகாகச் செய்தாள். விமானம் சாயத் தொடங்கியதும் மார்பில் போட்டாள், சக்கரம் தரையைத் தொடும்வரை எடுக்கவில்லை. பிள்ளை முனகக்கூட இல்லை. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் மட்டும் இது பலிக்காது, அப்போது தேதியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஒன்றரை மணி நேரம் என்பது டிக்கெட்டில் இருக்கும் கணக்கு. வீட்டிலிருந்து வீட்டுக்கு எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆனது. அந்த ஆறு மணி நேரமும் பிள்ளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருந்தது. கார், பெட்டி கொடுக்கும் வரிசை, பாதுகாப்புச் சோதனை, காத்திருக்கும் கூடம், படிக்கட்டு, இருக்கை, திரும்பவும் படிக்கட்டு, பெட்டி வரும் இடம், சென்னைப் போக்குவரத்து. மட்டமாகப் படுத்தது மொத்தம் இருபது நிமிடம், அதுவும் கூடத்து நாற்காலியில் துணி விரித்து. நாங்கள் போனது விசிறி வைத்த சின்ன ஏடிஆர் விமானம், இரைச்சல் அதிகம். பெட்டி எடைக்கு அளவு இருப்பதால் பிள்ளைச் சாமான்கள் பாதியைப் பார்சலில் அனுப்பினோம்.

இரண்டு வயது வரை கைக்குழந்தைக்குத் தனி இருக்கை இல்லை, கட்டணம் உண்டு. மடியில் வைத்துக் கட்ட ஒரு சின்ன பெல்ட் தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் வந்திருக்காவிட்டால் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை இதில் ஒன்றைக் காட்டலாம். பேர் இன்னும் வைக்கவில்லையே என்று சான்றிதழைத் தள்ளிப்போடாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டு, பேரை ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆம்னி பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்லீப்பரில் மட்டமாகப் படுக்கலாம், திரைச்சீலை இருக்கிறது, மறைவாகப் பால் கொடுக்கலாம். ஆனால் பிரேக் பிடித்தால் பிள்ளையைத் தடுத்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. கழுவ இடம் இல்லை, நினைத்த நேரத்தில் நிற்காது, விடியுமுன் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். வேறு எதுவுமே கிடைக்காத அவசரத்துக்குக்கூட எனக்கு மனம் வரவில்லை. பஸ் நிலையத்தில் காத்திருக்க நேர்ந்தால் ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். தாய்மார்கள் பாலூட்டும் அறை 2015 முதல் தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் திறக்கப்பட்டிருக்கிறது. பூட்டியிருந்தால் நேரக்காப்பாளர் அறையில் சாவி கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இனி ரயில். ரயில் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதற்குள் மூன்று வேறு வேறு பயணம் இருக்கிறது.

நெல்லை-சென்னை வந்தே பாரத் 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. காலையில் நெல்லையில் ஏறினால் எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூர். தாம்பரத்திலும் நிற்கிறது. சுத்தமாக இருக்கிறது, நேரத்துக்குப் போகிறது. ஆனால் முழுக்க உட்காரும் இருக்கை. எட்டு மணி நேரம் பிள்ளை மடியில்தான், இரண்டு பேர் மாற்றி மாற்றி வைத்திருக்க வேண்டும். தலை நின்று, வேடிக்கை பார்க்கத் தொடங்கிய ஐந்தாம் மாதப் பிள்ளைக்கு இது நல்ல பயணம். இரண்டாம் மாதப் பிள்ளைக்கு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது ராத்திரி ரயிலில் மூன்றடுக்கு ஏசி. டிக்கெட் எடுக்கும்போது பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. கீழ் பெர்த் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக ஏறுவோம். பத்து மணிக்கு நடு பெர்த்தைத் தூக்கி மாட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் கீழே நிமிர்ந்து உட்கார முடியாது, தலை இடிக்கும். பச்சைப்பிள்ளை ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலுக்கு எழும். குனிந்த கழுத்தோடு கொடுத்து, ஏப்பம் விடத் தோளில் போட இடம் இல்லாமல், நடைவழியில் எழுந்து நின்றுகொண்டிருப்பீர்கள். எட்டுப் பேர் இருக்கும் பகுதி, திரைச்சீலையும் கிடையாது.

இரண்டடுக்கு ஏசியில் நடு பெர்த் இல்லை. விலை கொஞ்சம் அதிகம், ஆனால் அந்த ஒரு காரணத்துக்கே கொடுக்கலாம். கீழ் பெர்த்தில் ராத்திரி முழுக்க எப்போது வேண்டுமானாலும் நிமிர்ந்து உட்காரலாம். திரைச்சீலை உண்டு, இழுத்துவிட்டால் நம் உலகம். நடக்க வேண்டும் என்றால் நடக்கலாம், தண்ணீர் இருக்கிறது, கழுவ இடம் இருக்கிறது, யாரையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரஸ் மாதிரி ராத்திரி ஏறிக் காலையில் இறங்கும் வண்டியில் பிள்ளையின் பழக்கமான தூக்க நேரத்திலேயே பயணமும் முடிந்துவிடும்.

சின்னவளை அப்படித்தான் கூட்டிவந்தேன். எதிரெதிர் கீழ் பெர்த் இரண்டு. பக்கவாட்டுக் கீழ் பெர்த்தைத் தவிர்த்தோம், நடமாட்டம் அதிகம், இடமும் குறுகல். ரயில்வே கம்பளியைப் பிள்ளைப் பக்கமே கொண்டுவரவில்லை. வீட்டு வேட்டியை நான்காக மடித்து விரித்து, சுவரோரமாக அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, வெளிப்பக்கம் நான் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை என்று பேசிவைத்தோம். மதுரை தாண்டும்வரை நான், அதிலிருந்து திருச்சி வரை அவர், மறுபடி நான். பெர்த் குறுகலானது. தாய் அசந்து புரண்டால் பிள்ளை நசுங்கும், பிரேக் பிடித்தால் உருளும். ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும், இதில் சமரசமே இல்லை. ஏசி குளிர் அதிகமாக இருந்தபோது பெட்டி அட்டெண்டரிடம் சொன்னோம், குறைத்துவைத்தார்.

"பெர்த் சங்கிலியில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டுரு" என்று எதிரில் இருந்த அம்மா அன்பாகத்தான் சொன்னார்கள். நம் ஊர் ரயில்களில் காலம் காலமாகப் பார்க்கிற காட்சி. தலை நின்ற பிள்ளைக்கு, பகலில், பக்கத்தில் ஆள் இருந்தால் பரவாயில்லை. தலை நிற்காத பிள்ளை சேலைத் தொட்டிலில் வளைந்துதான் படுக்கும், காரில் நடந்ததேதான் அங்கேயும் நடக்கும். வண்டி ஆட்டத்தில் தொட்டில் கம்பியில் மோதவும் மோதும். "வேண்டாம் அத்தை, மட்டமா கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை. முன்பதிவில் கைக்குழந்தை விவரம் கேட்கும் இடத்தில் மட்டும் எழுதிவிடுங்கள். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதனால் பிள்ளைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே நாங்கள் தேதியை முடிவு செய்தோம். கடைசி நேரத்தில் போனால் இரண்டு கீழ் பெர்த் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். ஒன்று மேலே விழுந்தால் ஏறியதும் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். பிள்ளையைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

தேதிக்குத் தடுப்பூசிக் கணக்கும் இருக்கிறது. 6, 10, 14ஆவது வாரங்களில் ஊசி. போட்ட மறுநாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கும், அந்த இரண்டு நாள் பயணம் வைக்காதீர்கள். எண்பத்தொன்றாம் நாளை நாங்கள் எடுத்தது அதனால்தான். பத்தாவது வார ஊசி முடிந்து பிள்ளை தெளிந்திருந்தாள், பதினான்காவது வார ஊசிக்கு இன்னும் நாள் இருந்தது. அட்டையைக் கைப்பையிலேயே வையுங்கள். அதைக் காட்டினால் சென்னையில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். தெர்மாமீட்டரும் கைப்பையில். மூன்று மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரி தொட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று விடக் கூடாது, எங்கே இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். உதவிக்கு ரயிலில் என்றால் 139, சாலையில் என்றால் 108 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு வழியில் தண்ணீர்கூட வேண்டாம். புட்டிப்பால் என்றால் கலந்து எடுத்துப்போகாதீர்கள். பவுடரை வேளைக்கு வேளை தனித்தனி டப்பாவில் அளந்துவைத்து, கொதித்த தண்ணீரை நல்ல பிளாஸ்கில் கொண்டுபோய், அவ்வப்போது கலந்து, ஆறவைத்துக் கொடுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

சித்தி மகளுக்கு நான் சொன்னது இது. பதினோராவது, பன்னிரண்டாவது வாரத்தில் இரண்டடுக்கு ஏசி. சிசேரியன் புண் இன்னும் இழுக்கிறது, நீண்ட நேரம் தாங்காது என்றால் விமானம், கூட இரண்டு பேர் வேண்டும். கார் கட்டாயம் என்றால் இருக்கையோடு இரண்டு நாள். ஐந்தாம் மாதம் வரை இருக்க முடிந்தால் வந்தே பாரத்திலேயே போகலாம். அவள் வீடு மேடவாக்கம், எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்தில் இறங்கினால் போதும். வண்டி அங்கே கொஞ்ச நேரம்தான் நிற்கும், செங்கல்பட்டு வந்ததுமே பெட்டிகளை வாசலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இறங்கும்போது பிள்ளை ஒருவர் கையில் மட்டும், அந்தக் கையில் வேறு எந்தப் பையும் கூடாது.

சின்னவள் தாம்பரத்தில் இறங்கும்போது விழித்துக்கொண்டு கொட்டாவி விட்டாள். வீட்டுக்கு வந்ததும் ரயிலில் விரித்த அதே வேட்டியைத் துவைக்காமல் புது இடத்திலும் விரித்தேன், பாளையங்கோட்டை வீட்டு வாசனை அதில் இருந்தது. அதில் கிடத்தியதும் காலை இரண்டு தடவை உதைத்துவிட்டு, பத்து மணி வரை தூங்கினாள்.